எல்லாமே வேகமாக ஓடக் கற்றுக்கொண்டால் போதாதா?

கோத்தகிரிக்கு அருகில் தேயிலை பயிரிடும் ஒருவர், ஏழாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் கேட்ட கேள்வியை எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். உணவு, நீர், உறைவிடம், பாதுகாப்பு ஆகியவை எல்லா உயிர்களுக்கும் அடிப்படைத் தேவை என்று அவளுடைய பாடத்தில் இருக்கிறதாம். "நம் மலையில் கடமான், வரையாடு, காட்டெருமை மூன்றையும் புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாம் வேட்டையாடுகின்றன. ஆனால் கடமான் கத்துகிறது, வரையாடு பாறையில் ஏறுகிறது, காட்டெருமை நின்ற இடத்திலேயே நின்று முறைக்கிறது. மூன்றும் வேகமாக ஓடக் கற்றுக்கொண்டால் போதாதா?" என்பது அவள் கேள்வி. தந்தை தம் பங்குக்கு இரண்டைச் சேர்த்திருக்கிறார்: உறைபனிக் காலத்தில் இந்த உயிர்கள் என்ன செய்கின்றன, வரையாட்டைப் பிள்ளைக்கு எங்கே காட்டலாம்?

உதகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் கற்பித்தவன் என்றாலும், இப்படி நேராக ஒரு கேள்வியை வகுப்பில் நான் அதிகம் எதிர்கொண்டதில்லை. பாடநூல் நான்கு தேவைகளையும் நான்கு கட்டங்களில் எழுதி வைத்துவிடுவதால், அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது கண்ணில் படாமல் போகிறது. நல்ல புல் வெட்டவெளியில் இருக்கிறது. மறைவிடம், சோலை என்று நாம் அழைக்கும் அடர்ந்த மலைக்காட்டுக்குள் இருக்கிறது. தண்ணீர் குடிக்கத் தலை குனியும் நேரத்தில்தான் சிறுத்தைக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. குளிருக்கு வெயில் காய வேண்டும். வெயில் காய்பவனைப் பருந்து பார்த்துவிடும். ஒரு தேவையை நிறைவேற்றும் ஒவ்வொரு முறையும் இன்னொரு தேவையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எதை விட்டுக்கொடுப்பது என்பதில் கடமானின் கணக்கு வேறு, வரையாட்டின் கணக்கு வேறு, காட்டெருமையின் கணக்கு வேறு. ஆகவேதான் அவை தப்பிக்கும் வழிகளும் வேறுபடுகின்றன.

முதலில் ஓட்டத்தைப் பற்றி. ஓடுவதற்கு விலை உண்டு. புல்லும் இலையும் சத்துக் குறைந்த உணவு. வயிறு நிறைய வேண்டுமானால் நாளின் பெரும் பகுதியை மேய்ச்சலில் செலவிட்டே ஆகவேண்டும். ஒவ்வொரு சலசலப்புக்கும் அரை மைல் ஓடும் மான், புலியிடமிருந்து தப்பினாலும் பசியிடமிருந்து தப்பாது. அசைபோடும் விலங்குகளின் வயிறே இந்த நெருக்கடிக்கு ஏற்ற ஏற்பாடாக அமைந்திருக்கிறது. மாடு, ஆடு, மான் எல்லாம் திறந்த வெளியில் அவசர அவசரமாகப் புல்லைக் கடித்து, சரியாக மெல்லாமலே விழுங்கி, முதல் இரைப்பையில் நிரப்பிக்கொள்கின்றன. பிறகு பாதுகாப்பான ஓர் இடத்தில் படுத்து, விழுங்கியதை வாய்க்குக் கொண்டுவந்து நிதானமாக மெல்லுகின்றன. ஆபத்தான இடத்தில் இருக்கும் நேரத்தைச் சுருக்கி, மெல்லும் வேலையை ஆபத்துக் குறைந்த இடத்துக்குத் தள்ளிவைக்க இது உதவுகிறது. உங்கள் வீட்டில் மாடு இருந்தால், அது கொட்டிலில் கண் மூடி அசைபோடுவதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். புலிக்குப் பயந்த மூதாதையரின் பழக்கம் அதில் இன்னும் இருக்கிறது.

துரத்துபவனுக்கும் துரத்தப்படுபவனுக்கும் பந்தயத்தில் வைத்திருக்கும் பொருள் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1979ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டாக்கின்ஸ், ஜான் கிரெப்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் விலங்கியலாளர்கள் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். முயல் தோற்றால் அதன் உயிர் போகிறது. நரி தோற்றால் ஒரு வேளை உணவுதான் போகிறது. எனவே இரை விலங்கு தப்பிக்கும் திறனில் எப்போதும் ஓர் அடி முன்னே நிற்கும்படி இயற்கைத் தேர்வு அதை நெருக்குகிறது. புலியின் வேட்டை முயற்சிகளில் பெரும்பாலானவை தோல்வியில் முடிவதற்கு இது ஒரு காரணம்.

இனி கடமான். அதன் நடத்தையைப் புரிந்துகொள்ள, அதற்கு இரண்டு வகையான வேட்டைக்காரர்கள் இருப்பதை மனத்தில் கொள்ள வேண்டும். புலியும் சிறுத்தையும் பதுங்கி வந்து பாய்பவை. நெடுந்தூரம் துரத்தும் மூச்சு அவற்றுக்குக் கிடையாது. மறைவாக நெருங்கும் வரைதான் அவற்றின் பலம். புலியின் செம்மஞ்சள் நிறம் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் மானின் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டு வகைகளே இருப்பதால், சிவப்பையும் பச்சையையும் அது பிரித்தறிவதில்லை. அதற்குப் புலி, காய்ந்த புல்லின் சாயலிலேயே தெரியும். அந்தக் குறையைக் கடமான் மூக்காலும் காதாலும் ஈடுசெய்கிறது. மோப்பம் கிடைத்த உடனே ஓடாமல், வாலை உயர்த்தி, முன்னங்காலால் தரையைத் தட்டி, மலையே அதிரும்படி ஒரு குரல் கொடுக்கிறது. தன் இருப்பைத் தானே காட்டிக்கொடுக்கும் முட்டாள்தனம்போல் இது தோன்றும். ஆனால் அந்தக் குரல் மற்ற மான்களுக்கு மட்டுமல்ல, புலிக்கும் சொல்லப்படும் செய்தி என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்: "உன்னைப் பார்த்துவிட்டேன், இனிப் பதுங்கிப் பயனில்லை." பார்க்கப்பட்டுவிட்ட சிறுத்தை பெரும்பாலும் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறது. ஓடினால் செலவாகும் ஆற்றலில் சிறு பங்கு கூடக் கத்துவதற்குச் செலவாவதில்லை.

செந்நாயிடம் இந்த உத்தி எடுபடாது. பார்த்துவிட்டாய் என்பதற்காக அது வெட்கப்பட்டுத் திரும்புவதில்லை. பகல் வெளிச்சத்தில், கூட்டமாக, விசில் போன்ற ஒலியால் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு, இரை களைக்கும் வரை விடாமல் ஓடும் விலங்கு அது. அப்போது கடமான் செய்வது என்ன என்பதை நான் ஒரு முறை எமரால்டு நீர்த்தேக்கத்தின் மறுகரையிலிருந்து பார்த்திருக்கிறேன். காலை எட்டு மணி இருக்கும். தண்ணீரின் மேல் ஆவி இன்னும் கலையவில்லை. பெண் கடமான் ஒன்று சரிவில் நேராக இறங்கி, தயங்காமல் நீருக்குள் பாய்ந்து, வயிறு நனையும் ஆழத்தில் போய் நின்றது. பின்னாலேயே ஐந்தாறு செந்நாய்கள் கரைக்கு வந்தன. இரண்டு நீரில் இறங்கின. சில கெஜ தூரத்திலேயே அவற்றின் கால் தரையை விட்டுவிட்டது. நீந்தி அருகில் வந்ததை மான் முன்னங்காலால் அறைந்தது; அது தலை முங்கி எழுந்து கரைக்குத் திரும்பியது. சற்று நினைத்துப் பாருங்கள்: பதினைந்து கிலோ எடையுள்ள நாய்க்கு அந்த இடத்தில் நீச்சல், நூற்றைம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள மானுக்கு அதே இடத்தில் காலூன்றிய நிலை. தன் கால் நீளத்தையே கோட்டையாக்கிக்கொள்கிறது கடமான். ஏறத்தாழ ஒரு மணி நேரம் மான் நடுங்கிக்கொண்டே நின்றது; நாய்கள் கரையில் படுத்துக் காத்திருந்தன. மேலே சாலையில் ஒரு லாரி ஒலி எழுப்பியதும் நாய்கள் சோலைக்குள் மறைந்தன. லாரி வராதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. குளிர் மானைக் கரைக்குத் துரத்தியிருக்கவும் கூடும். அடைக்கலம் தரும் நீரே உடல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இங்கும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெற வேண்டியிருக்கிறது.

ஆகக் கடமானிடம் ஓட்டம், குரல், நீர் என்று மூன்று விடைகள் இருக்கின்றன. எதிரி யார் என்பதைப் பொறுத்து அது ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது.

வரையாட்டின் கதை இதற்கு நேர்மாறு. அது ஒரே விடையை வைத்துக்கொண்டு, வாழ்க்கை முழுவதையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்ட விலங்கு. வரை என்றால் மலைச்சரிவு. பெயரிலேயே அதன் உத்தி இருக்கிறது. குளம்பின் விளிம்பு கடினமாகவும் உள்பகுதி ரப்பர்போல் இளகியும் இருப்பதால், விரல் அகலமே உள்ள பாறை விளிம்பிலும் அதற்குப் பிடி கிடைக்கிறது. சிறுத்தையோ செந்நாயோ அங்கே காலெடுத்து வைக்கத் தயங்கும். ஆனால் பாறையில் புல் போதாது. ஆகவே வரையாடு பாறையை ஒட்டிய திறந்த புல்வெளியில் மேய்கிறது. ஆபத்து வந்தால் பாறைக்குப் போய்விடும் தூரத்தைத் தாண்டி அது வெகுதூரம் விலகுவதில்லை. நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் மேற்கு விளிம்பை ஒட்டிய செங்குத்துச் சரிவுகளில் அவற்றை அதிகம் காண்பதற்கு இதுவே காரணம். மேய்ச்சலுக்கு ஏற்ற புல்வெளி பூங்காவின் உட்பகுதியில் எவ்வளவோ இருந்தாலும், பாறையில்லாப் புல்வெளி வரையாட்டுக்குப் பயன்படாத சோறு.

இந்த வாழ்க்கைக்கு இன்றியமையாதது தொலைவிலேயே எதிரியைக் காண்பது. கூட்டம் படுத்து அசைபோடும்போது ஒரு விலங்கு, பெரும்பாலும் முதிர்ந்த பெண் ஆடு, உயரமான கல்லின் மேல் நின்று காவல் காக்கும். ஐயம் எழுந்தால் சீட்டி ஒலி. உடனே மொத்தக் கூட்டமும் எழுந்து பாறைப் பக்கம் திரும்பும். மேயும்போது கண்காணிப்பது இன்னும் கடினம், ஏனெனில் தலை தரையில் இருக்கும். அதற்கும் கண்ணிலேயே ஏற்பாடு இருக்கிறது. முக்கூர்த்தி வரை போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு வெள்ளாட்டின் கண்ணை உங்கள் மகள் அருகில் போய்ப் பார்க்கட்டும். கண்மணி நம்முடையதுபோல் வட்டமாக இராமல், கிடைமட்டமான ஒரு பிளவாக இருக்கும். அடிவானத்தைச் சுற்றிலும் அகலமாகக் காண இது உதவுகிறது. ஆடு தலையைக் குனிந்து புல் மேயத் தொடங்கும்போது இந்தப் பிளவு செங்குத்தாகிவிட வேண்டும் அல்லவா? ஆவதில்லை. தலை குனியக் குனியக் கண் குழிக்குள் சுழன்று, பிளவைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் பாங்க்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 214 நிலவாழ் விலங்குகளின் கண்மணி வடிவத்தை ஒப்பிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார்கள். மேய்ந்து வாழும் இரை விலங்குகளுக்குக் கிடைமட்டப் பிளவும், பதுங்கிப் பாயும் சிறு விலங்குகளுக்குப் பூனையினுடையதுபோல் செங்குத்துப் பிளவும் அமையும் போக்கை அவர்கள் கண்டார்கள். கட்டி வைத்த ஆட்டுக்கு முன் உட்கார்ந்து, ஒரு கொத்துப் பலா இலையை மேலும் கீழும் நகர்த்தினால், கண் சுழல்வதைப் பிள்ளை தானே பார்த்துவிடுவாள். நான் மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் காட்டிய எதையும்விட இதுதான் அவர்கள் நினைவில் நின்றது.

தொலைநோக்கை நம்பி வாழும் விலங்குக்குக் காட்சி மறைந்தால் என்ன ஆகும்? நீலகிரியில் இது கற்பனைக் கேள்வி அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, நாம் சீகை என்று அழைக்கும் வாட்டில் மரம், புல்வெளிகளில் நடப்பட்டு, பிறகு தானாகவும் பரவி மலைச்சரிவுகளை மூடிவிட்டது. சீகைக்குள் புல் வளராது என்பது ஒரு இழப்பு. புல் இருக்கும் ஓரத்திலும் ஐம்பது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது என்பது பெரிய இழப்பு. அதே சீகைத் தோப்பு சிறுத்தைக்கு அருமையான பதுங்கிடம். மரம் நட்டால் காடு வளரும், காடு வளர்ந்தால் விலங்குக்கு நல்லது என்ற எளிய சமன்பாடு வரையாட்டிடம் பொய்த்துப்போகிறது. சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்பதைப் பற்றிக் கேள்விப்பட்டு, "மரத்தை வெட்டுகிறார்களே" என்று வருந்தும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

வரையாடு குட்டி ஈனும் காலமும் இதே கணக்கில் அடங்கும். ஆடி, ஆவணி மழையில் இணை சேர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் தை, மாசியில் ஒரே ஒரு குட்டியை ஈனும். உறைபனிக் காலத்திலா என்று வியப்பாக இருக்கும். ஆனால் வெயிலோடு கூடிய உலர்ந்த குளிரைவிட, முக்கூர்த்தியின் தென்மேற்குப் பருவமழை குட்டிக்குக் கொடியது. வாரக்கணக்கில் நனைந்த உடம்பும் காற்றும் சேர்ந்தால் சின்ன உடல் தாங்காது. தை மாதம் பிறந்த குட்டிக்கு மழை தொடங்குவதற்குள் நான்கைந்து மாத வளர்ச்சி கிடைத்துவிடுகிறது. இது என் கணிப்பு. ஆனால் குட்டிகளைப் பார்த்த யாரும் இதைப் பெரிதாக மறுக்க மாட்டார்கள்.

காட்டெருமைக்கு வருகிறேன். பெயரில் எருமை இருந்தாலும் அது எருமை இனம் அல்ல, காட்டுமாடு. ஆயினும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எல்லோர் வாயிலும் வழங்கும் பெயரையே நானும் பயன்படுத்துகிறேன். நன்கு வளர்ந்த கடா ஒரு டன் அளவுக்கு எடை போடும். புலியைத் தவிர இதை எதிர்க்கும் துணிவு வேறெந்த விலங்குக்கும் அரிது. புலியும் முடிந்தவரை கன்றையோ இளசையோதான் தேடும். இவ்வளவு பெரிய உடலை ஓட்டிச் செல்வதற்கு ஆகும் செலவு பெரிது. ஓடாமல் நின்றால் வரும் ஆபத்தோ சிறிது. ஆகவே அது நிற்கிறது. 1986இல் கனடாவைச் சேர்ந்த ரான் இடன்பர்க், லாரி டில் என்ற இருவர் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும். எதிரியைக் கண்ட உடனே இரை விலங்கு ஓடுவதில்லை; நிற்பதால் வரும் ஆபத்து, ஓடுவதால் வரும் இழப்பை விஞ்சும் தூரம் வரும்போதுதான் ஓடுகிறது என்றார்கள். நல்ல மேய்ச்சலில் இருக்கும் விலங்கு எதிரியை இன்னும் சற்று நெருங்க விடும். ஒளிவிடம் தொலைவில் இருந்தால் முன்கூட்டியே கிளம்பும்.

உங்கள் தோட்டத்தில் காட்டெருமை உங்களைப் பார்த்தும் அசையாமல் நிற்பது அன்பாலோ நட்பாலோ அல்ல. நூறு முறை மனிதர்கள் கடந்துபோனார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்பதால் நம்மைப் பற்றிய அதன் மதிப்பீடு தளர்ந்திருக்கிறது; அவ்வளவே. குறிப்பிட்ட தூரத்துக்குள் நாம் நுழைந்தால் கணக்கு நொடியில் மாறும், அப்போது அது பின்வாங்காமல் முன்னேறவும் கூடும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுத் திமிலின் முழு உயரத்தையும் காட்டிக்கொண்டு மெல்ல நடந்தால், அழகுக்காக நடக்கிறது என்று எண்ணிக் கைப்பேசியை எடுக்காதீர்கள். "என் அளவைப் பார்த்துக்கொள்" என்பதே அதன் பொருள். மூக்கால் சீறினால் அதற்குமேல் எச்சரிக்கை எதிர்பார்க்கக் கூடாது. தனித்து நிற்கும் கடாவையும், கன்றோடு நிற்கும் பசுவையும் கண்டால் வந்த வழியே திரும்புவது நல்லது. கொழுந்து பறிக்கக் காலையில் பனிமூட்டத்துக்குள் போகும் பெண்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூட்டமாக இருப்பதைப் பற்றி அதிகம் எழுதவில்லை; அது பலரும் அறிந்தது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கூட்டம் ஒற்றுமைக்காக உருவானது என்று நினைக்கிறோம். பிரிட்டிஷ் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன் 1971இல் காட்டியபடி, ஒவ்வொரு விலங்கும் தனக்கும் எதிரிக்கும் நடுவில் இன்னொன்றை நிறுத்தப் பார்த்தாலே கூட்டம் தானாக உருவாகிவிடும். முதுமலையில் புள்ளிமான்கள் சாம்பல் மந்திகள் இருக்கும் மரத்தடியில் மேய்வதும் இவ்வாறே. மந்தி பறித்து உதிர்க்கும் தளிரும் காயும் மானுக்குச் சாப்பாடு, மரத்தின் மேலிருந்து சிறுத்தையைக் காணும் மந்தியின் கண் மானுக்குக் காவல். முள்ளம்பன்றியின் கதையும் ஒரே வரியில் முடிந்துவிடும்: அது முள்ளை அம்புபோல் எய்வதில்லை; பின்பக்கமாகப் பாய்ந்து குத்துகிறது, முள் கழன்று எதிரியின் உடம்பில் தங்கிவிடுகிறது. உருளைக்கிழங்குப் பாத்தியைத் தோண்டிப்போகும் அந்த முள்ளம்பன்றியைத் தின்னப் போய் முகமெல்லாம் முள் ஏறிய சிறுத்தை, பிறகு வேட்டையாட முடியாமல் பட்டினி கிடக்க நேரிடும்.

இனி உறைபனி. ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனி தொடங்கி, மார்கழி, தையில் உறைபனியாகிறது. மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்க, குளிர்ந்த கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. உதகைப் பக்கத்துப் பள்ளங்களான தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் வெண்மையாகிக் கிடக்கும்போது, மேட்டில் இருக்கும் வீட்டுத் தோட்டத்தில் ஒன்றும் இல்லாதிருப்பதற்கு இதுவே காரணம். சோலை மரங்களின் நாற்று இந்தப் பள்ளத்து உறைபனியில் கருகிவிடும். புல்லின் வளர்முனையோ தரையோடு தரையாக, பழைய இலைச் சருகின் போர்வைக்குள் இருப்பதால், மேலே கருகினாலும் அடியிலிருந்து தளிர்க்கிறது. மாடு கடித்த புல் மறுபடி வளர்வதும் அதே அமைப்பால்தான். ஒரே கவசம் பனிக்கும் பல்லுக்கும் பயன்படுகிறது. வெட்டவெளியில் தனியே நின்று சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு தன் தடித்த பட்டையால் தாக்குப்பிடிக்கும் விதிவிலக்கு.

பெரிய விலங்குகளுக்குக் குளிர் அவ்வளவு பெரிய எதிரி அல்ல. பருத்த உடலும் வயிற்றில் நொதிக்கும் புல்லும் வெப்பம் தருகின்றன. உண்மையான சோதனை, உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்க முடியாத ஓணான், தவளை, பாம்பு ஆகியவற்றுக்கு. உதகைப் பக்கம் வேலிச் செடிகளில் முதுகு முள்ளோடு பச்சையாகத் தெரியும் ஓணான் நீலகிரியிலும் பழனி மலையிலும் மட்டுமே வாழ்வது. உறைபனிக் காலையில் அது கறுத்த நிறத்தோடு, உடலைத் தட்டையாக்கி, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைக் காணலாம். கறுப்பு நிறம் வெப்பத்தை விரைவில் ஏற்கும். ஆனால் அதுவரை அதன் தசைகள் விறைத்திருக்கும். வெயில் தேடி வெளியே வந்ததும் கீச்சான் என்ற வேட்டைப் பறவையின் கண்ணில் படும். சூடேறாத நிலையில் ஓட முடியாது என்பதால், பல ஓணான் வகைகள் குளிர்ந்திருக்கும்போது எதிரி தொலைவில் இருக்கையிலேயே விலகத் தொடங்குகின்றன. சூடேறிய பின் அருகில் வர விடுகின்றன. கனடா ஆய்வாளர்கள் சொன்ன அதே கணக்கு, இங்கே வெப்பமானி அளவில்.

புதர்த் தவளைகள் இன்னொரு வழியில் சிக்கலைத் தீர்த்துக்கொண்டன. மற்றத் தவளைகள் நீரில் முட்டையிட்டு, தலைப்பிரட்டைகளை மீனுக்கும் தட்டான் குஞ்சுகளுக்கும் பலி கொடுக்கின்றன. இவையோ ஈரமான சருகிலும் புல் அடியிலும் சில முட்டைகளே இடுகின்றன. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, நகத்தளவுத் தவளையாகவே வெளிவரும். நீரின் பகைவர்கள் இல்லை. ஈடாக, எண்ணிக்கையும் இல்லை, நிலம் காய்ந்தால் அனைத்தும் போயிற்று. பனியும் மூடுமழையும் உள்ள மலையில்தான் இந்தப் பந்தயம் கட்டுபடியாகும்.

ஒரு தை மாதம் கேரட் பாத்திக்கு மண் கொத்திக்கொண்டிருந்தபோது, எருக் குவியலின் ஓரத்தில் கட்டைவிரல் தடிமனில், பழுப்பாக, பளபளவென்று ஒரு சிறு பாம்பு கிடைத்தது. உடன் வேலை செய்தவர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். தடுத்து, கையில் எடுத்துக் காட்டினேன். அது கடிக்கவே முயலவில்லை. விரலைச் சுற்றிக்கொண்டு தலையை என் விரலிடுக்கில் நுழைக்கப் பார்த்தது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பெரோட்டேயின் பெயரால் அறிவியலில் அழைக்கப்படும், மண்ணுக்குள்ளேயே மண்புழு தின்று வாழும், நஞ்சற்ற பாம்பு அது. தலை கூம்பிச் சிறுத்திருக்கும். மண்ணைத் துளைக்க அதுவே ஆணி. இதன் குடும்பத்துப் பாம்புகள் பலவற்றுக்கு வால் வெட்டி விட்டதுபோல் மொண்ணையாக இருக்கும். அந்தச் சொரசொரப்பில் மண் ஒட்டி, பின்னால் வளையை அடைக்கும் தக்கையாகிவிடுகிறது. துரத்தி வரும் எதிரிக்குக் கிடைப்பது கதவுதான். மேற்பரப்பு உறைந்தாலும் ஓர் அடி ஆழத்தில் மண் வெதுவெதுப்பாகவே இருக்கும். குளிர்ந்த மண்ணில் முட்டை பொரியாது போகலாம் என்பதாலோ என்னவோ, இது தாயின் உடம்புக்குள்ளேயே முட்டையைப் பொரித்துக் குட்டிகளாக ஈனுகிறது. உணவு, வெப்பம், மறைவு மூன்றையும் ஒரே இடத்தில் பெற்ற அபூர்வ உயிர் அது என்று சொல்லத் தோன்றும். ஆனால் காட்டுப்பன்றி மூக்கால் மண்ணை உழும் நாளில் அந்த மூன்றும் சேர்ந்தே போகும்.

செடிகளால் ஓட முடியாது என்பதால் அவற்றை விட்டுவிடலாகாது. சோலை ஓரத்தில் நிற்கும் செந்தட்டியை உங்கள் மகள் ஒரு முறையாவது தொட்டிருப்பாள். அதன் மயிர் ஒவ்வொன்றும் நுனியில் கண்ணாடிபோல் சிலிக்காவால் ஆன ஊசி. பட்டதும் நுனி ஒடிந்து, எரிச்சல் தரும் நீர் தோலுக்குள் இறங்குகிறது. ஆடும் மானும் விலகிப்போகும் அந்த இலையைத்தான் கரும்பழுப்பு இறக்கையில் செம்மஞ்சள் பட்டை கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு தேடிப்போய்த் தின்கிறது. இலையைக் கூடாரம்போல் மடித்து உள்ளே ஒளிந்துகொள்கிறது. செடியின் ஆயுதம் புழுவுக்கு வேலி. குறிஞ்சி எடுத்திருக்கும் வழி வேறு: பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, எல்லாச் செடிகளும் ஒரே சமயத்தில் பூத்து, விதைத்து, மடிந்துபோகின்றன. 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது, அடுத்தது 2030. விதை தின்னும் உயிர்கள் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே ஆண்டில் கொட்டிவிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றைப் பட்டினி போடுவதே இதன் பயன் என்பது ஒரு விளக்கம்.

கடைசியாக, வரையாட்டை எங்கே காட்டுவது. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் வனத்துறை அனுமதியின்றிப் போக முடியாது. அனுமதி கிடைத்தாலும் மூடுபனி இறங்கினால் ஒன்றும் தெரியாது. கோவைப் பக்கம் போகும்போது, ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவருகே நின்று பாருங்கள். சாலையோரப் பாறையிலேயே அவை நிற்பதுண்டு. மூணாறு பக்கத்து இரவிகுளம் இன்னும் எளிது, ஆனால் குட்டி ஈனும் காலமாகிய பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாகப் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. தமிழ்நாட்டு வனத்துறை 2024இல் நடத்திய கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் 1,031 வரையாடுகளும், அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,303 வரையாடுகளும் இருந்தன. எங்கே பார்த்தாலும், கூட்டம் மேயும் இடத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே உயரமான கல்லில் தனியாக நிற்பது எது என்று தேடச் சொல்லுங்கள். நீங்கள் அதைக் கண்டுபிடிப்பதற்கு வெகு நேரம் முன்பே அது உங்களைப் பார்த்திருக்கும்.